ஒரே வடிசாலையின் சிங்கிள் மால்ட்களை எப்படிச் சுவைத்து ஒப்பிடுவது? ஸ்பிரிங்பேங்கை முன்வைத்து ஒரு பதில்

"ஒரே டிஸ்டில்லரியில் வரும் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்களை எப்படி வரிசைப்படுத்திச் சுவைப்பது? பாட்டிலில் போட்டிருக்கும் வயது கூடினால் சுவையும் கூடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது, மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பதைப் பெரும்பாலும் பீப்பாய்தான் முடிவு செய்கிறது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் கேள்விக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து வடித்த விஸ்கி. பலரும் லகாவுலின் ஒன்று, மெக்காலன் ஒன்று, கிளென்லிவெட் ஒன்று என்று மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள். நண்பர்களோடு ஒரு மாலையைக் கழிக்க அது போதும். கற்றுக்கொள்ள உதவாது. பார்லி வேறு, புளிக்கவைக்கும் நேரம் வேறு, வாலை (வடிக்கும் பாத்திரம்) வேறு, பீப்பாய் வேறு, கிடங்கின் காற்று வேறு. இத்தனையும் ஒரே நேரத்தில் மாறும்போது நாக்கில் தெரியும் வித்தியாசத்துக்கு எது காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே வடிசாலைக்குள் நின்றுகொண்டால், ஒன்றிரண்டு விஷயங்கள் மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

அதற்கு ஸ்பிரிங்பேங்கைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து ஸ்காட்லாந்தில் இல்லை. ஒரே கட்டடத்தில், அதே மூன்று செம்பு வாலைகளில், மூன்று வெவ்வேறு விஸ்கிகளை அவர்கள் வடிக்கிறார்கள்: ஹேசல்பர்ன், ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ. மூன்றுக்கும் இடையில் மாறுவது முக்கியமாக இரண்டே விஷயங்கள். பார்லியை எவ்வளவு நேரம் புகையில் உலர்த்தினார்கள், எத்தனை முறை வடித்தார்கள். பாடம் நடத்தவே அமைத்தது போல இருக்கும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கின்டைர் என்று நீளமாகக் கீழே தொங்கும் ஒரு தீபகற்பம். அதன் நுனிக்கு அருகில் கேம்பல்டவுன். கிளாஸ்கோவிலிருந்து பேருந்தில் போனால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்று சின்ன ஊர்தான். ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் இங்கே புகைந்துகொண்டிருந்தன. துறைமுகம் இருந்தது, பக்கத்திலேயே நிலக்கரி கிடைத்தது, பார்லி விளைந்தது. பிறகு அவசர அவசரமாக வடித்ததால் தரம் கெட்டது என்ற பெயரும், 1920-ல் தொடங்கிய அமெரிக்க மதுவிலக்கும், தொழில் மந்தமும் சேர்ந்து அடித்ததில், 1930-களின் நடுவில் மிஞ்சியவை இரண்டே இரண்டு: ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா. ஹேசல்பர்ன், லாங்ரோ இரண்டுமே மூடிப்போன பக்கத்து வடிசாலைகளின் பெயர்கள். செத்துப்போனவர்களின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைப்பது போலத்தான். பழைய ஹேசல்பர்னில்தான் 1920-ல் மசதகா தகேட்சுரு என்ற ஜப்பானிய இளைஞர் தொழில் கற்றார். பின்னாளில் நிக்கா விஸ்கியை நிறுவியவர் அவரே.

ஸ்பிரிங்பேங்க் உரிமம் பெற்று இயங்கத் தொடங்கியது 1828-ல். 1837 முதல் மிட்செல் குடும்பத்தின் கையில் இருக்கிறது. தனக்கு வேண்டிய பார்லி முழுவதையும் தானே தரையில் பரப்பி முளைகட்டி, வடித்து, முதிரவைத்து, பாட்டிலில் அடைப்பது வரை எல்லாம் ஊருக்குள்ளேயே நடக்கிறது. பெரும்பாலான ஸ்காட்ச் வடிசாலைகள் முளைகட்டிய பார்லியைப் பெரிய ஆலைகளிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன.

முளைகட்டும் கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தட்டுப்பட்ட வாசனை புதிதே அல்ல. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் உலர்த்துவார்களே, அந்த ஈரமும் இனிப்பும் கலந்த பச்சை வாசனை. நீண்ட கல்தரையில் கணுக்கால் உயரத்துக்குப் பார்லி பரந்து கிடக்கிறது. முளைக்கும் தானியம் சூடாகும். அப்படியே விட்டால் வேர்கள் பின்னிக் கட்டியாகிவிடும் என்பதால் ஆட்கள் இரவு பகல் பாராமல் வந்து புரட்டிப் போடுகிறார்கள். ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கினால் சுண்ணாம்பு போலக் கோடு விழ வேண்டும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம்.

அடுத்து உலர்த்தும் சூளை. மூன்று விஸ்கிகளும் பிரிகிற இடம் இதுதான். ஹேசல்பர்னுக்கான பார்லியை முப்பது மணி நேரம் வெறும் மணமற்ற சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். ஸ்பிரிங்பேங்குக்கு முதல் ஆறு மணி நேரம் பீட் புகை, பிறகு இருபத்து நாலு மணி நேரம் சூடான காற்று. லாங்ரோவுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வரை பீட் புகை மட்டுமே. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மட்கிப் படிந்த கறுப்பு மண். செங்கல் போல வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். அதன் புகையில் உள்ள பீனால்கள் என்ற வாசனைப் பொருள்கள் ஈரப் பார்லியின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்பிரிங்பேங்க் பார்லியில் இது பத்து லட்சத்தில் 12 முதல் 15 பங்கு, லாங்ரோவில் 50 முதல் 55 பங்கு.

இந்த எண்ணை வைத்துப் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். இது பார்லியில் அளந்த அளவு, கோப்பையில் இருக்கும் அளவு அல்ல. ஊறவைக்கும்போதும் வடிக்கும்போதும் பெரும்பகுதி போய்விடும், மிச்சமும் பீப்பாயில் ஆண்டுக்கு ஆண்டு மங்கும். அதனால் லாங்ரோ ஸ்பிரிங்பேங்கைவிட நாலு மடங்கு புகையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வடிக்கும் முறைக்கு வருகிறேன், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புளித்த பார்லிச் சாற்றை முதல் வாலையில் ஊற்றி, அடியில் நேரடியாக நெருப்பு வைக்கிறார்கள். நீராவிக் குழாய்களும் உள்ளே உண்டு என்றாலும் அடி நெருப்புதான் முக்கியம். அல்வா கிண்டியவர்களுக்குத் தெரியும், நெருப்பு நேரே பட்டால் அடிப்பிடிக்கும். அதைத் தடுக்க வாலைக்குள் செம்புச் சங்கிலி வலை ஒன்று சுற்றிச் சுற்றி அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அடிப்பிடிக்காமல், ஆனால் அடிப்பிடிக்கும் எல்லைக்குப் பக்கத்தில் வேகும் அந்தச் சாற்றுக்கு ஒரு கனம் வருகிறது.

இதன் பிறகு லாங்ரோவை இன்னொரு முறை மட்டும் வடிக்கிறார்கள். ஆக மொத்தம் இரண்டு முறை. ஹேசல்பர்ன் மூன்று முறை. ஸ்பிரிங்பேங்க் இரண்டரை முறை. அதென்ன அரை? முதல் வடிப்பில் கிடைத்ததில் ஒரு பங்கை, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றை, அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். மீதியை இரண்டாவது முறை வடிக்கிறார்கள். பிறகு இரண்டையும் கலந்து கடைசி வாலையில் ஏற்றுகிறார்கள். எனவே பீப்பாய்க்குப் போகும் சரக்கில் ஒரு பகுதி இரண்டு முறை வடிபட்டது, பெரும்பகுதி மூன்று முறை வடிபட்டது. வடிக்க வடிக்கக் கனமான, எண்ணெய்ப்பசையான பொருள்கள் கழன்றுபோகும். பழவாசனையும் மென்மையும் மேலே வரும். ஸ்பிரிங்பேங்க் இந்த இரண்டையும் பாதிப் பாதியாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

இப்போது மேசைக்கு வாருங்கள். வாங்க வேண்டிய மூன்று: ஹேசல்பர்ன் 10 வருடம், ஸ்பிரிங்பேங்க் 10 வருடம், வயது போடாத சாதாரண லாங்ரோ. மூன்றுமே 46 சதவீதம் ஆல்கஹால். இது மிக வசதி, ஏனென்றால் வீரியம் வேறுபட்டால் வீரியம் கூடியதே "நல்லது" என்று நாக்கு ஏமாந்துவிடும். மூன்றிலும் சாயம் சேர்ப்பதில்லை, குளிர்வித்து வடிகட்டுவதும் இல்லை. முழு பாட்டில் வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்பேங்க் இப்போது எளிதில் கிடைப்பதில்லை, இங்கிலாந்திலேயே பல கடைகள் குலுக்கல் முறையில்தான் விற்கின்றன.

ஒரே மாதிரியான கோப்பைகள் மூன்று. வாய் குறுகி வயிறு அகன்ற கிளென்கேர்ன் கோப்பை நல்லது. அது இல்லையென்றால் சின்ன ஒயின் கோப்பை போதும், அகலமான தம்ளர் வேண்டாம். ஒவ்வொன்றிலும் 15 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் மூன்றாவது கோப்பைக்கு வரும்போது மூக்கு மழுங்கிவிடும். அன்று மாலை சென்ட் அடிக்காதீர்கள், மசாலா வதங்கும் வீட்டில் உட்காராதீர்கள், காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம். சுவையில்லாத பிஸ்கட்டும் சாதா தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் தொடாதீர்கள். பிறகு மூன்றையும் வரிசையாக முகர்ந்து பாருங்கள், குடிக்காமல். ஹேசல்பர்ன் முதலில், ஸ்பிரிங்பேங்க் அடுத்து, லாங்ரோ கடைசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். புகையை முதலில் வாங்கிய மூக்குக்கு ஹேசல்பர்ன் வெறும் சர்க்கரைத் தண்ணீராகத்தான் தெரியும். முகரும்போது வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆல்கஹாலின் காரம் மூக்கில் ஏறாது.

எனக்குக் கிடைப்பதைச் சொல்கிறேன். ஆங்கிலக் குறிப்புகளில் ஹெதர் பூ, கூஸ்பெரி ஜாம் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அந்தப் பூவை முகர்ந்தே பார்க்காதவருக்கு அதனால் என்ன பயன்? நம் மூக்குக்குப் பழகிய பொருள்களைச் சொல்வதுதான் நியாயம். ஹேசல்பர்னில் தேன், வேகவைத்த பேரிக்காய், வெண்ணெய், அதற்கடியில் முளைகட்டிய தானியத்தின் பச்சை வாசனை. வாயில் வைத்தால் எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு பரவும். மூன்று முறை வடித்தால் மெல்லிசாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். இருக்காது, அந்த அடிநெருப்பின் கனம் இதிலும் தங்கியிருக்கிறது.

ஸ்பிரிங்பேங்க் 10 ஒரே வாசனையாக வராது. முதலில் எலுமிச்சைத் தோல். அடுத்த முறை முகர்ந்தால் ஈரச் சாக்கு. மூன்றாவது முறை படகுத்துறையில் வெயிலில் காயும் கயிறு, அதில் உப்பு, கொஞ்சம் இயந்திர எண்ணெய். பிறகு எங்கிருந்தோ ஒரு மெல்லிய புகை. நாக்கில் உப்பும் இனிப்பும் மாறி மாறி வரும். விழுங்கிய பிறகு மிளகுக் காரம் தொண்டையில் நிற்கும். கேம்பல்டவுன் விஸ்கி என்றாலே ரசிகர்கள் சொல்லும் அந்த "அழுக்கு" இதுதான். பிடிக்காதவர்களும் உண்டு. முதல் தடவை எனக்கும் பிடிபடவில்லை, மூன்றாவது நாளில் பிடிபட்டது.

லாங்ரோ, ஐலா தீவின் புகை விஸ்கி போன்ற ஒன்றைக் கேம்பல்டவுனிலேயே செய்ய முடியுமா என்ற சோதனையாக 1973-ல் முதலில் வடிக்கப்பட்டது. ஆனால் ஐலா விஸ்கி சிலவற்றில் வரும் ஆஸ்பத்திரி டிஞ்சர் வாசனை இதில் அவ்வளவாக இல்லை. ஈர விறகு அடுப்பை அணைத்த பிறகு கிளம்பும் புகை, அதோடு பாலாடை, வெனிலா. இரண்டே முறை வடித்ததால் வாய் நிறையக் கனம்.

ஒரு சுற்று முடிந்ததும் லாங்ரோவிலிருந்து நேரே ஸ்பிரிங்பேங்குக்குத் திரும்பி வந்து ஒரு மிடறு குடியுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். முதல் சுற்றில் அதில் தெரிந்த புகை இப்போது காணாமல் போயிருக்கும், பழம் முன்னால் வந்து நிற்கும். கோப்பையில் ஒன்றும் மாறவில்லை, மாறியது உங்கள் அளவுகோல். சுவை பற்றி யார் எதை எழுதியிருந்தாலும், அவர் அதற்கு முன் என்ன குடித்தார் என்பது தெரியாதவரை முழுசாக நம்ப வேண்டியதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

பிறகு தண்ணீர். சொட்டு மருந்து விடும் குழாயால் நாலைந்து சொட்டு. தண்ணீர் சேர்த்தால் விஸ்கி கெட்டுவிடும் என்பது வீண் பெருமை. புகை வாசனைக்குக் காரணமான குவயகோல் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதத்துக்குள் இருக்கும்போது மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது, வீரியம் மிகக் கூடினால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017-ல் கணினி மாதிரியில் காட்டினார்கள். வாசனை மேலிருந்துதானே மூக்குக்கு வருகிறது. லாங்ரோவில் இதை நேரடியாக உணரலாம். ஐஸ் மட்டும் போடாதீர்கள், குளிர்ந்தால் வாசனை எழும்பாது.

இனி வயது. ஸ்பிரிங்பேங்க் 10, 15, 18 மூன்றையும் வரிசையாக வைத்தால், 15 கருத்திருக்கும், உலர்திராட்சை, அத்தி, கருப்பட்டிப் பாகு, கறுப்பு சாக்லேட் என்று இருக்கும். பார்த்தவுடன் "அஞ்சு வருஷம் கூட வைத்ததில் எவ்வளவு மாறிவிட்டது" என்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. 10 வருட ஸ்பிரிங்பேங்க் நூற்றில் ஏறக்குறைய அறுபது பங்கு பர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாய், நாற்பது பங்கு ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) இருந்த பீப்பாய். 15 வழக்கமாக ஷெர்ரிப் பீப்பாய்களிலிருந்து வருவது. வயதும் மாறியிருக்கிறது, பீப்பாயும் மாறியிருக்கிறது. நீங்கள் வயது என்று நினைத்துச் சுவைப்பதில் பாதிக்கு மேல் ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி. 15-யும் 18-யும் பக்கத்தில் வைத்தால் வயதின் வேலை கொஞ்சம் நியாயமாகத் தெரியும், ஏனென்றால் 18-லும் பல ஆண்டுகளின் வெளியீடுகளில் ஷெர்ரியின் பங்குதான் கூட. அதன் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அங்கே நான் கவனித்தது: புகை பின்வாங்குகிறது, உப்பு தங்குகிறது, பழம் உலர்ந்த நிலையிலிருந்து கனிந்த நிலைக்குப் போகிறது, மெழுகு போன்ற ஒரு பூச்சு நாக்கில் படிகிறது. 15-ன் அந்தக் கரடுமுரடு எனக்கு 18-ஐவிடப் பிடிக்கும். விலையைப் பார்த்தால் இன்னும் பிடிக்கும்.

நண்பர்கள் மூவரோடு ஒருமுறை கோப்பைகளின் அடியில் எண் ஒட்டி, எது எது என்று தெரியாமல் சுவைத்தோம். 10-ஐ 15 என்று இருவர் உறுதியாகச் சொன்னார்கள். நிறம் தெரியாமல் இருக்கக் கோப்பைகளைக் கறுப்புத் துணியால் சுற்றியிருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். நிறம் அத்தனை தூரம் நாக்குக்குக் கட்டளையிடுகிறது.

பீப்பாய்கள் ஏன் இந்த இரண்டு வகையாகவே வருகின்றன என்று கேட்டால், காரணம் சட்டம். அமெரிக்காவில் பர்பனுக்கு உள்பக்கம் கரியாக்கிய புது ஓக் பீப்பாய்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு தடவைக்குப் பிறகு அது அவர்களுக்கு உதவாது, ஸ்காட்லாந்துக்கு மலிவாக வந்து சேரும். ஷெர்ரி முன்பெல்லாம் பீப்பாயிலேயே பிரிட்டனுக்குக் கப்பலில் வந்தது, காலிப் பீப்பாய் சுலபமாகக் கிடைத்தது. 1980-களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று ஆனபின் அந்த வழி அடைபட்டது. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றிப் பழக்கிய பீப்பாய்கள்.

பாட்டிலில் இருக்கும் எண் பற்றியும் ஒன்று. 10 வருடம் என்றால் அதில் கலந்தவற்றிலேயே இளையது 10 வருடம் என்று பொருள். மூத்த பீப்பாய்களும் உள்ளே இருக்கலாம். வயது போடாத லாங்ரோவை அதனால் மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்பிரிங்பேங்கில் ஒரு பேட்ச் போல இன்னொரு பேட்ச் இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தரையில் கையால் புரட்டிய பார்லி, சின்ன எண்ணிக்கையில் பீப்பாய்கள், சாயமும் கிடையாது என்றால் அப்படித்தான் இருக்கும். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அடைத்த தேதிக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் புகழ்ந்ததையும் நீங்கள் குடித்ததையும் அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால் நாலாவது கோப்பை ஒன்று வையுங்கள்: கில்கெரன் 12. இது பக்கத்து வளாகத்து வடிசாலையான கிளென்கைலில் வருவது. 1925-ல் மூடிய அதை, ஸ்பிரிங்பேங்கின் உரிமையாளர்களே 2004-ல் மீண்டும் திறந்தார்கள். முளைகட்டிய பார்லி ஸ்பிரிங்பேங்கிலிருந்தே வருகிறது, கடல்காற்றும் அதே. வாலைகள் மட்டும் வேறு, பென் வைவிஸ் என்ற மூடிய வடிசாலையிலிருந்து கொண்டுவந்தவை. இதுவும் 46 சதவீதம். இதை ஸ்பிரிங்பேங்க் 10-க்குப் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் அந்த ஈரச் சாக்கும் இயந்திர எண்ணெயும் குறைந்து, எலுமிச்சையும் மெல்லிய புகையும் துலக்கமாக நிற்கும். ஸ்பிரிங்பேங்கின் "அழுக்கில்" எவ்வளவு ஊரின் பங்கு, எவ்வளவு அந்த வாலைகளின் பங்கு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

முடிந்ததும் கோப்பைகளைக் கழுவாதீர்கள். அப்படியே வைத்துவிட்டுக் காலையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் முழுவதும் பறந்துபோய், எது மிஞ்சுமோ அது மட்டும் அடியில் காய்ந்திருக்கும். என் கோப்பைகளில் ஹேசல்பர்ன் உலர்ந்த தேனாகவும், லாங்ரோ அடுப்புச் சாம்பலாகவும் இருந்தன. ஸ்பிரிங்பேங்கில் இரண்டும் இருந்தன, கூடவே அந்தக் கயிற்றின் உப்பும்.